பழைய மோட்டார் வண்டியும் அதன் பத்திரமும்

மாடு வாங்கப் புறப்படுகிறவன் சந்தைக்குத் தனியே செல்வதில்லை. பல்லைப் பிடித்து வயது காணவும், சுழி பார்த்துக் குணம் கூறவும், நாலடி நடத்திக் கால்களின் நிலை அறியவும் வல்ல பெரியவர் ஒருவரை உடனழைத்துக் கொண்டே செல்வான். தரகர் துண்டின் கீழ்க் கைவிட்டு விரலைப் பிடித்து விலை பேசும்போதும் அப்பெரியவரின் முகத்தையே நோக்கிக்கொண்டிருப்பான். வில்லியனூர், பாகூர்ப் பக்கத்துக் குடியானவர்கள் தலைமுறை தலைமுறையாகக் கைக்கொண்டுவந்த எச்சரிக்கை இது. ஆனால் அதே குடும்பத்துப் பிள்ளை படித்துப் பட்டம் பெற்று, உத்தியோகத்தில் அமர்ந்து, தன் பாட்டனார் ஏறிய அம்பாசடரைப் போல் ஒன்று வாங்கவேண்டுமென்று ஆசைப்பட்டால், கைப்பேசியில் நான்கு படங்களைக் கண்ட அளவிலே முன்பணம் அனுப்பிவிடுகிறான். பல்லும் பார்ப்பதில்லை, சுழியும் பார்ப்பதில்லை. இரும்பு பொய் சொல்லாது என்று எண்ணுகிறான் போலும்! இரும்பு பொய் சொல்லாது என்பது மெய்யே. அதன்மேல் பூசிய வர்ணமும், அதனுடன் வரும் காகிதமும் சொல்லும்.

இவ்விரண்டு கொம்யூன்களையும் எடுத்துக்கொண்டு யான் இதனை எழுதுவதற்குக் காரணம் உண்டு. நம் பக்கத்துக் கிராமங்களில் கொட்டகைகளிலும், புளியமரத்தடிகளிலும், தென்னங்கீற்று மூடியபடி பழைய வண்டிகள் பல கிடக்கின்றன. ஒரு காலத்தில் வாடகைக்கு ஓடிய அம்பாசடர்கள், ஆசிரியர்களும் வைத்தியர்களும் வைத்திருந்த பியட்டுகள், எங்கேனும் ஒரு ஸ்டாண்டர்டு ஹெரால்டு. இருபதாண்டுகட்கு முன்னர் இவற்றை இரும்புக் கடைக்காரர் எடைக்கு எடுத்துச் சென்றனர். இன்றோ சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் கேரளத்திலிருந்தும் இவற்றைத் தேடி வருகிறார்கள். புதுச்சேரிக் கடற்கரையோரத்து உணவு விடுதிக்காரர் வாயிலில் அழகுக்காக நிறுத்தவும் கேட்கிறார்கள். விலை ஏறிய பொருளைச் சுற்றி வஞ்சகரும் வந்து சேருவர் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

முதலில் வண்டியின் வரலாற்றை அறிந்துகொள்ளல் நலம். அதற்குப் பெரிய பொறியியற் புலமை வேண்டுவதில்லை. ஆண்டுகளை நினைவில் வைத்தாற் போதும். மாரிஸ் ஆக்ஸ்போர்டு என்னும் ஆங்கில வண்டியின் மூன்றாம் வரிசையை அடியொற்றி, கல்கத்தாவை அடுத்த உத்தரபாராவில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் கம்பெனியார் அம்பாசடரைச் செய்யத் தொடங்கியது 1957, 1958 ஆண்டுகளை ஒட்டி, நிறுத்தியது 2014-இல். அதற்கு முன் அவர்கள் செய்தது லாண்ட்மாஸ்டர். அம்பாசடரின் மூன்றாம் மார்க் 1975-இலும் நான்காம் மார்க் 1979-இலும் வெளிவந்தன. பம்பாய்க் குர்லாவில் பிரீமியர் கம்பெனியார் இத்தாலியப் பியட் 1100 வண்டியைச் செய்துவந்தனர். அதற்குப் ‘பத்மினி’ என்னும் பெயர் ஏற்பட்டது 1974-ஐ ஒட்டியே. ஹெரால்டைச் செய்தவர்கள் சென்னை ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனியார், 1961 முதல் சுமார் பத்தாண்டுகள்.

இவ்வளவே தெரிந்திருந்தாலும் பாதிக் கதைகள் உதிர்ந்துவிடும். ‘பிரெஞ்சுக் கவர்னர் ஏறிய அம்பாசடர், தம்பி, அதனால்தான் இந்த விலை’ என்று ஒரு தரகர் பெருமையாய்ச் சொல்லக் கேட்டிருக்கிறேன். புதுச்சேரியில் பிரெஞ்சு ஆட்சி முடிந்து நிர்வாகம் இந்திய அரசாங்கத்தாரிடம் வந்தது 1954 நவம்பர் 1-ஆம் நாள். சட்டப்படியான மாற்றம் 1962-இல் நிறைவேறியதேனும், கவர்னர் கப்பலேறியது அதற்கு எட்டாண்டுகட்கு முன்னரே. அம்பாசடரோ அவர் போன பிறகு பிறந்தது. பிறவாத வண்டியில் கவர்னர் எவ்வாறு ஏறினார் என்று கேட்டால் தரகர் வேறு பேச்சுக்குத் தாவிவிடுவார். ‘1970-ஆம் ஆண்டுப் பத்மினி’ என்று விளம்பரம் செய்பவரையும் இவ்வாறே கேட்கலாம். ‘கவர்னர் வண்டி’, ‘மந்திரி வண்டி’, ‘சினிமாவில் நடித்த வண்டி’ என்னும் புகழ்மொழிகளுக்கெல்லாம் பத்திரம் இருந்தால் மதிப்பு; இல்லையேல் அவை கேட்பதற்கு இனிய கதைகளேயாம்.

பதிவெண்ணும் பேசும். 1989-ஆம் ஆண்டு வரை நம் நாட்டு வண்டிகள் மூன்றெழுத்துக் குறியுடன் பதிவாயின. அதன் பின்னரே மாநிலத்துக்கு இரண்டெழுத்தும் அலுவலகத்துக்கு இரண்டெண்ணும் கொண்ட இக்கால முறை வந்தது. 1965-ஆம் ஆண்டு வண்டி என்று சொல்லப்படுவது ‘பி.ஒய். 01’ என்றோ ‘டி.என்.’ என்றோ தொடங்கும் எண் தாங்கியிருந்தால், அஃது எப்போது, எங்கிருந்து, எக்காரணத்தால் புதிய எண் பெற்றது என்பதற்குச் சீட்டு இருக்கவேண்டும். நேர்மையான காரணங்கள் பல உண்டு. ஆனால் காரணத்தைச் சொல்ல மாட்டாதவரிடம் பணத்தைக் கொடுக்க வேண்டுவதில்லை.

இனிப் பத்திரத்துக்கு வருவோம். பாகூருக்கு இதில் ஒரு பெருமை உண்டு. கி.பி. 9-ஆம் நூற்றாண்டில் பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மனின் எட்டாம் ஆட்சியாண்டில், பாகூரில் விளங்கிய வித்தியாஸ்தானத்துக்கு மூன்று ஊர்கள் அளிக்கப்பட்ட செய்தி செப்பேட்டில் பொறிக்கப்பட்டது. வடமொழியிலும் தமிழிலும் எழுதி, கொடுத்தது யார், பெற்றது யார், எல்லை யாது என்பனவற்றைத் தெளிவுறக் கூறுகிறது அச்சாசனம். ஆயிரத்து நூறு ஆண்டுகட்கு முன் நம் ஊரார் அறிந்திருந்த இம்மூன்று வினாக்களுமே மோட்டார் வண்டிக்கும் போதுமானவை: விற்பவர் யார், வாங்குபவர் யார், விற்கப்படுவது எந்த வண்டி?

விற்பவர் யார் என்பதற்கு விடை பதிவுச் சான்றிதழில் உள்ள பெயர். நேரே வந்து நிற்பவரின் பெயரும் அப்பெயரும் ஒன்றாயிருத்தல் வேண்டும். வண்டி தன் கையில் இருப்பதனாலே ஒருவன் அதற்கு உடையவனாகான். 1930-ஆம் ஆண்டுச் சரக்கு விற்பனைச் சட்டத்தின்படி, தனக்கில்லாத உரிமையை ஒருவன் பிறனுக்கு விற்க இயலாது. திருடனிடம் நல்ல விலை கொடுத்து நல்ல மனத்தோடு வாங்கினாலும் வண்டி உடையவனையே சேரும். உடையவர் இறந்துபோயிருப்பின், வாரிசுதாரர் முதலில் 31-ஆம் படிவத்தின் வழியே தம் பெயருக்கு மாற்றிக்கொண்டு பின்னரே விற்கவேண்டும். நம் பக்கத்தில் மிகுதியும் நேர்வது இதுவே. தந்தையார் காலமாகிப் பதினைந்தாண்டு கழிந்தபின் மூத்த மகன் விற்பார். பிரான்சிலிருக்கும் தம்பியும் கடலூரில் வாழ்க்கைப்பட்ட தங்கையும் ஒன்றும் அறியார். இறந்தவர் கையெழுத்தையே போட்டு முடித்துவிடலாம் என்று தரகர் எளிதாகச் சொல்வார். அது பொய்யொப்பம்; அதன் பயனை அநுபவிக்கிறவர் வாங்கினவரே.

வண்டியின் பேரில் கடன் இருந்தால் சான்றிதழில் ‘ஈடு’ என்று குறிக்கப்பட்டிருக்கும். முப்பதாண்டுகட்கு முன் வாங்கிய கடன் எப்போதோ தீர்ந்திருக்கலாம். ஆயினும் 35-ஆம் படிவத்தில் கடன் கொடுத்த கம்பெனியார் ஒப்பமிட்டு அக்குறிப்பை நீக்கினாலன்றி அது நீங்காது. அக்கம்பெனியோ மூடப்பட்டுப் போயிருக்கலாம். அவ்வாறாயின் அக்குறிப்பை நீக்கும் வேலையை விற்பவர் தலையிலேயே விட்டுவிடுவது அறிவுடைமை.

அரசாங்கத்தாரின் ‘பரிவாகன்’ தளத்தில் பதிவெண்ணைக் கொடுத்தால், பதிவான நாள், தகுதிக் காலம், காப்புறுதி முதலியவற்றை யாரும் காணலாம். பெயரின் சில எழுத்துக்கள் மறைக்கப்பட்டிருப்பினும் ஒப்பிடப் போதும். ஆனால் பழைய வண்டிகளுக்கு இதில் ஓர் இடர்ப்பாடு உண்டு. கையெழுத்தில் எழுதிய பழைய சான்றிதழ்ப் புத்தகங்கள் பல கணினியில் ஏறவேயில்லை. ‘தளத்தில் வராது சார், பழைய புத்தகம், ஆபீசில் ஏற்றிக் கொடுத்துவிடுவார்கள்’ என்பது மெய்யாகவும் இருக்கலாம், இரும்புக்கடைக்குப் போன வேறொரு வண்டியின் புத்தகத்தைக் காட்டி ஏமாற்றும் சூழ்ச்சியாகவும் இருக்கலாம். இரண்டையும் பிரித்தறிய ஒரே வழி, பதிவு செய்த அலுவலகத்துக்கு விற்பவருடன் நேரே சென்று, மூலப் பதிவேட்டோடு ஒப்பிட்டுக் கணினியில் ஏற்றச் சொல்வதே. ஏற்றிய பின்னரே பணம். ‘நீங்கள் வாங்கிக்கொண்டு ஏற்றிக்கொள்ளுங்கள்’ என்பவரிடம் வணக்கம் கூறித் திரும்பிவிடலாம்.

வில்லியனூரையும் பாகூரையும் தேசப்படத்தில் நோக்கினவர்கள் அவற்றின் எல்லை எவ்வளவு விசித்திரமானது என்பதை அறிவர். புதுச்சேரி மண்ணும் தமிழ்நாட்டு மண்ணும் பாயில் கோரைபோல் பின்னிக்கிடக்கின்றன. பாகூரிலிருந்து புதுச்சேரிக்குச் செல்பவர் எல்லையைக் கடந்து மீண்டும் எல்லைக்குள் புகுவதைக் கவனிப்பதேயில்லை. பால்காரரும் பள்ளிப் பிள்ளைகளும் கவனிக்க வேண்டுவதுமில்லை. மோட்டார் வண்டிச் சட்டமோ கவனிக்கிறது. இரண்டு கல் தொலைவிலுள்ள தமிழ்நாட்டு ஊரில் வாங்கும் வண்டி, சட்டத்தின் கண்ணுக்குக் காசுமீரத்தில் வாங்கியதைப் போன்றதே. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வண்டிச் சட்டத்தின் 48-ஆம் பிரிவின்படி, பதிவு செய்த அலுவலகத்திலிருந்து 28-ஆம் படிவத்தின் வாயிலாகத் தடையின்மைச் சான்றிதழ் பெறவேண்டும். பன்னிரண்டு மாதத்துக்கு மேல் வண்டி வேறு பிரதேசத்தில் தங்கினால் அங்கே புதிய பதிவெண் பெறவேண்டும், வரியும் கட்டவேண்டும். ‘பக்கத்து ஊர்தானே’ என்னும் சொல்லுக்குச் செவிகொடுத்து இச்சான்றிதழை விட்டுவிட்டு வாங்கியோர், பழைய வரிப்பாக்கியும் அபராதமும் தம் தலையில் விழுந்த பின்னரே எல்லைக்கோடு எங்கே ஓடுகிறது என்பதை அறிகின்றனர்.

இவ்வெல்லையின் காரணமாகவே நம் பிரதேசத்துப் பதிவெண்ணுக்கு வெளியூரில் ஓர் ஐயமும் உண்டு. புதுச்சேரியில் வாகன வரி குறைவு. அதனைப் பயன்படுத்திக்கொள்ள, புதுச்சேரியில் வாழாதவர்கள் புதுச்சேரி முகவரியைக் காட்டி விலையுயர்ந்த வண்டிகளைப் பதிவு செய்தனர் என்று 2017-இல் கேரளப் போலீசார் வழக்குகள் தொடுத்தனர். சினிமாத் துறையினர் சிலரும் அவற்றில் சிக்கினர். புதிய வண்டியில் வரி ஏய்ப்புக்காகச் செய்த அக்காரியத்தைப் பழைய வண்டியில் உரிமையை மறைப்பதற்காகவும் செய்யலாம். ஆகவே வெளியூர் நண்பர்களுக்கு யான் கூறுவது இது: சான்றிதழில் வில்லியனூர்த் தெரு ஒன்று எழுதியிருந்தால், திருக்காமீசுவரர் கோயிலைப் பார்த்தாற்போலவும் இருக்கட்டும், லூர்து மாதா திருத்தலத்தைப் பார்த்தாற்போலவும் இருக்கட்டும், ஒரு நாள் வந்து அத்தெருவில் அவ்வீட்டுக் கதவைத் தட்டுங்கள். ‘இந்த வண்டி உங்களுடையதா அம்மா?’ என்று கேட்டால் உண்மை அப்போதே தெரிந்துவிடும். கிராமத்தில் வண்டி வைத்திருந்தவரை எதிர்வீட்டார் மறக்கமாட்டார்கள்.

வெளிநாட்டுப் பழைய வண்டிகளின் நிலை இன்னும் அஞ்சத்தக்கது. 2025 செப்டம்பரில் கொச்சிச் சுங்கத் துறையார் ‘நும்கோர்’ என்னும் பெயரிட்டுக் கேரளத்தின் பல இடங்களில் சோதனை நடத்தினர். நும்கோர் என்பது பூட்டான் மொழியில் வண்டியைக் குறிக்குமாம். பூட்டானிலிருந்து பழைய வண்டிகள் சுங்கவரி செலுத்தாமல் கொண்டுவரப்பட்டு, பொய்ப் பத்திரங்களின் பேரில் வடமாநிலங்களில் பதிவாகித் தெற்கே விற்கப்பட்டன என்பது குற்றச்சாட்டு. முப்பதுக்கு மேற்பட்ட வண்டிகள் கைப்பற்றப்பட்டன. அவற்றுள் சிலவற்றை வாங்கியோர் தாம் ஒன்றும் அறியோம் என்றனர். அறியாமை வண்டியை உடனே மீட்டுத் தருவதில்லை. இறக்குமதியான வண்டிக்குச் சுங்கத் துறையின் நுழைவுச் சீட்டு இல்லையெனில், அதன் பளபளப்பைத் தூரத்தே நின்று கண்டு மகிழ்தலே போதும்.

இதுகாறும் வாங்குபவரைப் பற்றியே பேசினேன். நம் கல்லூரியின் பழைய மாணவர் பலர் விற்பவராய் இருத்தலும் கூடுமாதலின் அவர்களுக்கும் ஒன்று. பாகூர்ப் பக்கத்தில் எனக்குப் பெரியப்பா முறையாகும் பெரியவர் ஒருவர் தம் அம்பாசடரைத் தரகர் ஒருவரிடம் விற்றார். தரகர் இரண்டு படிவங்களை நீட்டி, ‘பெயர் எழுதவேண்டாம் ஐயா, கையெழுத்து மட்டும் போடுங்கள், வாங்குகிறவர் பெயரை அப்புறம் போட்டுக்கொள்ளலாம்’ என்றார். பெரியப்பாவும் போட்டுக் கொடுத்துப் பணத்தை எண்ணி வாங்கிக்கொண்டார். நான்காண்டு கழித்து மோட்டார் விபத்து நஷ்டஈட்டுத் தீர்ப்பாயத்திலிருந்து அவருக்கு நோட்டீசு வந்தது. அந்த வண்டி நெடுஞ்சாலையில் ஒருவரை மோதியிருந்தது, காப்புறுதி இல்லை, பதிவேட்டில் பெயர் இன்னும் அவருடையதே. யாரிடமிருந்து யாரிடம் வண்டி போயிற்று என்பது தரகருக்கே மறந்துபோயிருந்தது. அரைக் காணி நிலத்தை அடகு வைத்து வழக்காடிக்கொண்டிருக்கிறார். அடிபட்டவர் குடும்பத்தையும் நாம் மறத்தலாகாது. அவர்களும் யாரைக் கேட்பது என்றறியாமல் பதிவேட்டிலுள்ள பெயரையே பற்றினர்.

சட்டமும் அவர்கள் பக்கமே நிற்கிறது. 2018 பிப்ரவரியில் உச்சநீதிமன்றம் இத்தகைய வழக்கொன்றில் தீர்ப்புக் கூறியது. 2007-இல் விற்கப்பட்டுப் பல கைகள் மாறிய வண்டி 2009-இல் விபத்துச் செய்தது. பதிவேட்டில் எவர் பெயர் உள்ளதோ அவரே சட்டத்தின் கண்ணில் உடையவர். நஷ்டஈட்டுக்கு அவரே பொறுப்பாளி என்று நீதிபதிகள் முடிவு செய்தனர். விபத்தில் துன்புற்றவரை ஒவ்வொரு கையாகத் தேடி அலையச் செய்தல் நீதியாகாது என்பது அவர்கள் கருத்து. ஆகவே வெற்றுப் படிவத்தில் கையெழுத்திடுதல், தொகை எழுதாத வங்கிச் சீட்டில் கையெழுத்திடுதலையே ஒக்கும். சட்டத்தின் 50-ஆம் பிரிவின்படி, ஒரே மாநிலத்துக்குள் விற்றவர் 14 நாட்களுக்குள் 29-ஆம் படிவத்தின் வாயிலாக அலுவலகத்துக்கு அறிவித்தல் வேண்டும். வாங்கியவர் 30 நாட்களுக்குள் அறிவித்தல் வேண்டும். பெயர் மாற்ற விண்ணப்பம் 30-ஆம் படிவம். விற்றவர் வாங்கினவரின் அடையாளச் சீட்டு நகலை வைத்துக்கொண்டு, தாமே அலுவலகம் சென்று முடித்துவருவது நன்று. அரை நாள் வேலை. அரைக் காணி நிலம் தப்பும்.

மூன்றாம் வினா, விற்கப்படுவது எந்த வண்டி என்பது. சான்றிதழில் சட்டக எண்ணும் எஞ்சின் எண்ணும் இருக்கும். இரும்பில் அடித்த எண்ணைத் தாமே துடைத்துக் கண்ணால் வாசித்து ஒவ்வோர் இலக்கமாக ஒப்பிடவேண்டும். ஒரு தாளை அதன்மேல் வைத்து எழுதுகோலால் தேய்த்தால் எண் பதியும். கல்வெட்டுக்கு மைப்படி எடுப்பதுபோல. இலக்கங்கள் ஏற்றத்தாழ்வாக இருந்தாலும், சுற்றிலும் தேய்த்த அடையாளமோ பற்றவைத்த வடுவோ இருந்தாலும் விலகிவிடல் வேண்டும். அம்பாசடருக்கும் பியட்டுக்கும் உடலும் சட்டகமும் ஒன்றே. தனித்தனியே பிரிக்க இயலாது. ஹெரால்டு அவ்வாறன்று. அதன் உடல் தனிச் சட்டகத்தின்மேல் திருகாணிகளால் பூட்டப்பட்டது. ஆதலின் ஒன்றின் சட்டகத்தில் மற்றொன்றின் உடலைப் பூட்டி, மூன்றாவதன் சான்றிதழைச் சேர்த்து விற்பது கைத்தொழில் வல்லானுக்கு அரிதன்று. எஞ்சின் மாற்றமோ எல்லா வண்டிகளிலும் உண்டு. எரிபொருட் செலவுக்கு அஞ்சிப் பெட்ரோல் அம்பாசடர்களில் டீசல் எஞ்சின் ஏற்றியவர் பலர். மாற்றியது குற்றமன்று, சான்றிதழில் எழுதாமல் விட்டதே குற்றம்.

நம் வீடுகளில் ஒரு வேடிக்கைப் பேச்சு உண்டு: இது தாத்தா காலத்து அரிவாள், இரண்டு முறை இரும்பை மாற்றினோம், மூன்று முறை பிடியை மாற்றினோம்! இவ்வேடிக்கையே 1990-இல் இலண்டன் நீதிமன்றத்தில் பெரிய வழக்காக வந்தது. 1929, 1930 ஆண்டுகளில் பிரான்சு தேசத்து லெ மான் பந்தயத்தை வென்ற பென்ட்லி வண்டியை ஒரு கோடிப் பவுனுக்கு விலை பேசிய கம்பெனியார், இதில் பழைய உறுப்புக்கள் மிகச் சிலவே, ஆகையால் இஃது அவ்வண்டியன்று என்று வாதித்தனர். உறுப்புக்கள் மாறினும் இடையறாத வரலாற்றுத் தொடர்ச்சி இருப்பதால் இஃது அதுவே என்று நீதிபதி தீர்த்தார். அவ்வண்டியின் வரலாற்றை நிறுவச் சான்று இருந்தது. நம் புளியமரத்தடி வண்டிக்கு அத்தகைய சான்று இருக்குமா என்பதே வினா.

அரும்பழ வண்டிகளுக்கென்றே 2021 ஜூலையில் மத்திய அரசாங்கத்தார் விதிகள் வெளியிட்டனர். முதற்பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்து, சொந்த உபயோகத்துக்கு உரியதாய், மூல வடிவம் மாறாதிருக்கும் வண்டிக்கு ‘வி.ஏ.’ என்னும் எழுத்துக்களோடு தனிப் பதிவெண் கிடைக்கும். புதிய பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய், பத்தாண்டு செல்லும், மறுபதிவுக்கு 5,000 ரூபாய். அவ்வெண் பெற்ற வண்டியைத் தினந்தோறும் சாலையில் ஓட்டவோ வாடகைக்கு விடவோ இயலாது. கண்காட்சி, அணிவகுப்பு, ஆராய்ச்சி, பழுதுபார்த்தல், எண்ணெய் நிரப்பல் ஆகியவற்றுக்கே எடுத்துச் செல்லலாம். ‘விண்டேஜ் நம்பர் வாங்கிவிடலாம், அப்புறம் எங்கும் ஓட்டலாம்’ என்று கூறி விலையை உயர்த்துவோர், விதியின் முற்பாதியை மட்டும் வாசித்தவர்கள். நாள்தோறும் ஓட்ட விரும்புவோர் சாதாரணப் பதிவையே புதுப்பிக்கவேண்டும். பதினைந்தாண்டு கழிந்தபின் ஐந்தாண்டுக்கொருமுறை புதுப்பித்தல் முறை. 2022 ஏப்ரல் முதல் இதற்குக் கட்டணம் 5,000 ரூபாய் ஆயிற்று; 2025 ஆகஸ்டில் இருபதாண்டு கடந்த கார்களுக்கு 10,000 ரூபாயாக உயர்ந்தது. காலந்தாழ்த்தினால் மாதத்துக்கு 500 ரூபாய் கூடும். பதிவு காலாவதியான வண்டிக்கு விலை பேசும்போது இக்கணக்கை முதலிற் போடவேண்டும்.

உடலைச் சோதிக்கும் முறையைச் சுருங்கக் கூறுகிறேன். மெக்கானிக் ஒருவர் என்னைவிட நன்றாய்ச் சொல்வார். கடற்காற்று நம் பக்கத்து இரும்பை அரிக்கும். அரித்த ஓட்டையில் பட்டி பூசி வர்ணம் அடித்துவிட்டால் கண்ணுக்குத் தெரியாது. மெல்லிய துணியில் சுற்றிய காந்தமொன்றைக் கதவின் கீழ்ப்புறத்திலும், சக்கர வளைவிலும், கதவடி விட்டத்திலும் வைத்துப் பார்க்க, இரும்புள்ள இடத்தில் ஒட்டும், பட்டியில் நழுவும். தரைவிரிப்பைத் தூக்கிப் பார்க்கவேண்டும். நீங்கள் போகுமுன்பே எஞ்சினை ஓட்டிச் சூடாக்கி வைத்திருந்தால், குளிர்ந்த நிலையில் அது கக்கும் புகையை உங்களுக்குக் காட்ட விரும்பவில்லை என்று பொருள். மூடியின்மேல் கைவைத்தாலே தெரியும். நீலப் புகை எண்ணெய் எரிவதைக் காட்டும். மழைக்காலத்து மாலையில் மங்கிய விளக்கில் வண்டி காட்டுவோரிடம், நாளைக் காலை வருகிறேன் என்று சொல்லலாம்.

வண்டியே இல்லாமல் வண்டி விற்கும் கூட்டமும் ஒன்றுண்டு. ‘யான் இராணுவத்தான், திடீரென்று மாற்றல் வந்துவிட்டது, அதனால் குறைந்த விலைக்குத் தருகிறேன்’ என்று சொல்லி, சீருடைப் படத்தையும் அடையாளச் சீட்டையும் அனுப்புவர். அவை வேறொருவருடையவை. முதலில் வண்டி அனுப்பும் கூலி, பிறகு இராணுவ முகாமின் அநுமதிக் கட்டணம், பிறகு திருப்பித் தரப்படும் வைப்புத் தொகை என்று சிறிது சிறிதாகக் கறப்பர். வண்டி வாராது. விற்பவரையும் இவர்கள் விடுவதில்லை. ‘முன்பணம் அனுப்பியிருக்கிறேன், இந்தச் சதுரக் கட்டத்தைக் கைப்பேசியில் காட்டி இரகசிய எண்ணைப் போடுங்கள், பணம் வந்துவிடும்’ என்பார்கள். இரகசிய எண் பணம் செலுத்துவதற்கே வேண்டும். பெறுவதற்கு ஒருகாலும் வேண்டுவதில்லை. இதனை நம் வீட்டுப் பெரியோர்க்கு நாமே எடுத்துச் சொல்லவேண்டும். பணம் போய்விட்டால் வெட்கப்பட்டுக்கொண்டு நாள் கடத்தாமல் 1930 என்னும் எண்ணுக்கு உடனே பேசுதல் வேண்டும். முதல் சில மணி நேரத்துக்குள் அறிவித்தால் தொகையை வங்கியிலேயே தடுத்து நிறுத்த இடமுண்டு.

தனியாரிடம் வாங்கும் வண்டிக்கு நுகர்வோர் மன்றத்தின் துணை எளிதிற் கிடையாது. அம்மன்றம் வாணிகரிடம் வாங்கியவர்க்கே உரியது. பழைய வண்டி வாணிகர்கள் அலுவலகத்தில் அங்கீகாரச் சான்றிதழ் பெறவேண்டும் என்னும் விதி 2022 டிசம்பரில் அறிவிக்கப்பட்டு 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. வண்டியை ஒப்படைத்த செய்தியை உடையவர் அலுவலகத்துக்குத் தெரிவித்துவிட்டால், அதன்பின் நேரும் காரியங்களுக்கு அவ்வாணிகரே பொறுப்பாவார். தம்மை வாணிகர் என்று கூறும் தரகரிடம் அச்சான்றிதழைக் கேட்கலாம். இல்லையெனில் அவர் வெறும் அறிமுகக்காரரே; பணத்தை அவர் கையில் கொடுக்க வேண்டுவதில்லை.

பணத்தை உடையவர் பெயரிலுள்ள வங்கிக் கணக்குக்கே அனுப்பி, வண்டியின் சட்டக எண், எஞ்சின் எண், தொகை, நாள், நேரம் ஆகியவற்றை எழுதி இருவரும் கையொப்பமிட்ட சீட்டு ஒன்றை ஆளுக்கொன்றாக வைத்துக்கொள்க. நேரம் எழுதுவது எதற்கெனின், காலையில் விற்ற வண்டி மாலையில் மோதினால் யார் கையில் இருந்தது என்பதற்கு அதுவே சாட்சி. காப்புறுதியைத் தம் பெயருக்கு மாற்ற 14 நாட்களுக்குள் கம்பெனிக்கு எழுதவேண்டும். இவையெல்லாம் முடிந்தபின் பழைய ரசீதுகள், பட்டறைக் கணக்குகள், மாற்றுச் சாவி ஆகியவற்றையும் கேட்டு வாங்கிக்கொள்க. பல வீடுகளில் அவை பரண்மேல் தகரப் பெட்டி ஒன்றில் இருக்கும். கேட்டால்தான் எடுத்துத் தருவார்கள்.